மடைக்காரியும் நெஞ்சுப் படபடப்பும்

ஏழு பொட்டல் தாண்டி ஒரு ஊராம், அந்த ஊருக்கு ஒரு கண்மாயாம், அந்தக் கண்மாய்க்கு ஒரு மடைக்காரியாம். வெள்ளம் முட்டினால் உள்ளே மூழ்கி, மடை அடைப்பைப் பிடுங்கி, கரையைக் காப்பாற்றுகிறவள் அவள்தான். அவளுக்கு நடந்த அநியாயத்தை வரிசையாகச் சொல்கிறேன், நீங்களும் வரிசை மாறாமல் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, அவள் அப்பன் அதே மடையில் மூழ்கிச் செத்தான், ஊர் அவனுக்கு ஒரு கல்கூட நடவில்லை. இரண்டாவது, அறுப்பில் மடைக்காரிக்கு உரிய முதல் கதிரை நாட்டாமை தன் வீட்டுக்குக் கொண்டுபோனான். மூன்றாவதுதான் பெரிது. மூழ்குகிறவர் பேரைக் கரையில் நின்று மூன்று தரம் கூவ வேண்டும், கூவினால்தான் அய்யனார் ஆளைத் திருப்பித் தருவார் என்பது அந்த ஊர் வழக்கம். புண்ணியம் தனக்கே சேரட்டும் என்று நாட்டாமை தன் பேரைக் கூவ வைத்தான். மூழ்குவது அவள், திரும்பி வரச் சொல்லிக் கூப்பிடுவது அவனை. எப்படி இருக்கிறது பாருங்கள்.

அதற்கப்புறம் அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. உலை வைத்தால் படபடப்பு, பாய் விரித்தால் படபடப்பு, மேகம் கறுத்தால் படபடப்பு. பேய் என்றது ஊர். கோடாங்கி வேப்பிலையால் அடித்தான், போகவில்லை. தாயத்துக் கட்டினான், போகவில்லை. கோழி அறுத்தான், கோழிதான் போனது.

அவள் கரையில் உட்கார்ந்து அழுதபோது ஒரு கிழட்டு ஆமை தலையை நீட்டியது. ஆமை பேசுமா என்று கேட்காதீர்கள், ஊர் வாயை மூடிக்கொண்டால் ஆமை பேசித்தான் ஆக வேண்டும்.

"வாசல்ல வந்து தட்டுறவனை விரட்டிக்கிட்டே இருக்கியே, என்ன வேணும்னு கேட்டியாடி?"

வீட்டுக்குப் போய்த் தன் நெஞ்சையே கேட்டாள். முதல் நாள் நெஞ்சு பசி என்றது. கஞ்சி காய்ச்சி வயிறாரக் குடித்தாள், கொஞ்சம் அடங்கியது. மறுநாள் தூக்கம் என்றது. கதவைச் சாத்தித் தூங்கினாள், இன்னும் கொஞ்சம் அடங்கியது. மூன்றாம் நாள், "நீ தண்ணிக்குள்ள போனா, திரும்பி வான்னு உன்னைக் கூப்பிட ஆள் வேணும்" என்றது. அட, எனக்காக வழக்காடுகிறவனையா இத்தனை நாள் வேப்பிலையால் அடிக்க விட்டேன் என்று வெட்கப்பட்டாள்.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக் கண்மாய் முட்டி நின்றது. ராஜாவே படையோடு பார்க்க வந்துவிட்டார். நாட்டாமை அவளை இறங்கச் சொல்லிவிட்டு, வழக்கம்போல் தன் பேரை மூன்று தரம் கூவ வைத்தான். அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு விளிம்பு வரை போய் நின்றாள்.

"இறங்குறேன் மகாராசா, மாட்டேன்னு சொல்லலை. நான் மேல வராமப் போனா, செத்தது யாருன்னு சொல்வீங்க?"

கரையில் இருந்த ஒருத்தருக்கும் அவள் பேர் தெரியவில்லை. ராஜா நாட்டாமையைத் திரும்பிப் பார்த்தார்.

"அய்யனாருக்குச் சொன்ன பேரு உன்னோடதுதானே? அப்ப நீ இறங்கு."

முழங்கால் தண்ணீரிலேயே அவனுக்கு உடம்பு வெடவெடத்தது. நெஞ்சு அடிக்குதே, பேய் பிடிச்சிருச்சே என்று புலம்பினான்.

"பேய் இல்லைங்க ஐயா," என்றாள் மடைக்காரி. "நீச்சல் தெரியலையேன்னு சொல்லுது. கேட்டுக்குங்க."

கரையே சிரித்தது. ஆனால் மண் சரியத் தொடங்கியிருந்தது. அவள் தன் பேரைச் சொன்னாள், ராஜா கூவினார், படை கூவியது, ஊரே கூவியது. அவள் பாய்ந்தாள். படபடப்பும் கூடவே வந்தது, துணையாள் வருகிற மாதிரி. அடைப்பு கழன்று, மடை பீறிட்டு, கரை நின்று, அவள் தலை மேலே வந்தபோது ராஜா எழுந்து நின்று கும்பிட்டார். கும்பிடத் தக்க நெஞ்சுதான் அது.

முதல் கதிர் அவள் வீடு வந்து சேர்ந்தது. மடையில் ஒரு கல் நட்டு, அப்பன் பேரோடு அவள் பேரையும் வெட்டினார்கள். வருஷா வருஷம் நாட்டாமை முழங்கால் தண்ணீரில் நின்று, ஊர் சாட்சியாக அதை உரக்க வாசிக்க வேண்டும் என்று தீர்ப்பானது.

மழை பெய்யும், மடை திறக்கும், உங்கள் நெஞ்சும் ஒருநாள் தட்டும், விரட்டாமல் என்னவென்று கேளுங்கள். அதோ, தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசிக்கிறான்:

"சோணை மகள் இருளாயி."