ஆறடிக்கு ஒரு நாற்காலி

"ஆறடியை நாலடி ஆக்கிடலாமா, டீச்சர்?"

தியோடர் இப்படிக் கேட்டதும் முத்துப்பேச்சி நிமிர்ந்து பார்த்தார்.

தியோடர் நாற்பது ஆண்டுகள் நில அளவைத் துறையில் இருந்தவர். அளந்து போட்ட வரப்பில் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்காதவர் என்று பாளையங்கோட்டையில் பேர் வாங்கியவர். ஓய்வு பெற்ற மறுவாரமே, தன்னைவிட இருபத்தைந்து வயது இளையவரான முத்துப்பேச்சியின் நாடகக் குழுவுக்கு வந்து, நடிப்புக் கற்றுக்கொடுங்கள் என்று நின்றார். அன்றிலிருந்து இவருக்கு அவர் டீச்சர். அவருக்கு இவர் சார்.

தொற்றுக் காலத்தில் பதினான்கு மாதங்கள் குழு மேடை ஏறவில்லை. பிறகு, ஆளுக்கு ஆள் ஆறடி தள்ளி உட்கார வைப்பதானால் நாடகம் போடலாம் என்று அனுமதி கிடைத்தது.

முதல் அழைப்பு ஒரு மருத்துவமனையின் செவிலியர்களிடமிருந்தும் துப்புரவுப் பணியாளர்களிடமிருந்தும் வந்தது. சோகமாக எதுவும் வேண்டாம், வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் என்று கேட்டிருந்தார்கள்.

நாற்காலி போடும் பொறுப்பை முத்துப்பேச்சி தியோடரிடம் கொடுத்தார்.

இதற்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார். மூன்று நாள் மண்டபத்திலேயே கிடந்தார் தியோடர். நடைபாதை, வாசல், மின்விசிறி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கட்டம் போட்ட தாளில் வரைந்தார். நாற்காலியின் நான்கு கால்களும் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் சாக்பீஸால் குறித்தார்.

நானூறு பேர் உட்காரும் மண்டபத்தில் அறுபத்திரண்டு நாற்காலிகள். எந்த நாற்காலியிலிருந்து அளந்தாலும் அடுத்தது ஆறடி.

நாடகத்துக்கு முந்தின நாள் மதியம் ஒத்திகை பார்த்தார்கள். குழுவினரின் உறவுக்காரர்களையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டிவந்து அந்த நாற்காலிகளில் உட்கார வைத்தார்கள்.

கோயில்பிச்சைதான் நாடகத்தின் கோமாளி. இருபது வருடமாக ஊரைச் சிரிக்க வைக்கிறவர். மேடைக்குள் அவர் தடுக்கி விழுந்துகொண்டே வருவார். வாயைத் திறக்குமுன் கூட்டம் சிரித்துவிடும்.

அன்று யாரும் சிரிக்கவில்லை.

நடுவில் ஒருவர் மட்டும் பக்கென்று சிரித்தார். தன் சத்தம் தனியாகக் கேட்டதும் கூச்சப்பட்டு நிறுத்திக்கொண்டார்.

நாடகம் முடிந்தது. கோயில்பிச்சை முகச்சாயத்தைத் துடைத்துவிட்டு, நாளைக்கு நான் ஏறவில்லை என்றார். குழுவே சுற்றி நின்று சமாதானம் சொன்னது. அவர் கேட்கவில்லை.

"நாளைக்கு வாரவங்க ஒரு வருசமா சாவைப் பாத்துக்கிட்டு இருந்தவங்க. அவங்க முன்னால இப்படித் தோத்து நிக்க என்னால முடியாது."

அதன் பிறகுதான் தியோடர் முத்துப்பேச்சியிடம் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

தன் பக்கத்து நியாயத்தையும் சொன்னார். பக்கத்தில் ஆள் இருந்தால்தான் சிரிப்பு ஒட்டும். ஆறடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனின் சிரிப்பு யாருக்கும் ஒட்டாது. சாக்பீஸ் குறியை அழித்துவிட்டு நாலடிக்கு இழுத்துப் போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இதைச் சொல்லும்போது அவருக்கே குரல் இறங்கிப் போயிற்று.

"நாளைக்கு வாரவங்க யாரு, சார்?"

"நர்ஸ்மாருங்க."

"ஆறடி எதுக்குன்னு அவங்களுக்குத் தெரியாதா?"



மதியம் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று முத்துப்பேச்சி விசாரித்தார். மூன்றாம் வரிசை, இடது ஓரம். அங்கேயே மறுபடி உட்காரச் சொன்னார்.

உட்கார்ந்தார்.

"இங்கேருந்து என்ன தெரிஞ்சுது?"

"மேடை."

"வேற?"

தியோடர் யோசித்தார்.

"முன்னால இருந்தவரு பிடரி."

முத்துப்பேச்சி மண்டபத்தின் குறுக்கே நடந்து அதே வரிசையின் வலது ஓரத்துக்குப் போனார். அங்கிருந்த நாற்காலியை நகர்த்தவில்லை. நின்ற இடத்திலேயே கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பினார். அதில் உட்கார்ந்தார்.

தியோடரையும் அதேபோல் திருப்பிக்கொள்ளச் சொல்லிக் கையைக் காட்டினார்.

தியோடர் திருப்பினார்.

இருவருக்கும் நடுவே காலியாக ஆறு நாற்காலிகள். இருவர் முகத்திலும் மாஸ்க். மேடை இன்னும் தெரிந்தது, கொஞ்சம் சாய்வாக.

முத்துப்பேச்சியின் கண்கள் மட்டும் சிரிப்பில் இடுங்கின.

ஏன் என்று புரிவதற்கு முன்பே தியோடர் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்து அளவு டேப்பை எடுத்தார்.

மறுநாள் காலையிலேயே வேலையைத் தொடங்கிவிட்டார். மண்டபத்தின் இடது பாதி நாற்காலிகளை வலப்பக்கம் பார்க்கவும், வலது பாதியை இடப்பக்கம் பார்க்கவும் திருப்பினார். எவ்வளவு திருப்பினால் மேடையும் தெரியும், எதிரே இருக்கிறவர் கண்ணும் தெரியும் என்று ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்தார். அறுபத்திரண்டு முறை உட்கார்ந்து எழுந்ததில் முழங்கால் வீங்கிவிட்டது. பொருட்படுத்தவில்லை.

கடைசியில் மறுபடி அளந்தார். நாற்காலிக்கு நாற்காலி ஆறடி. ஓர் அங்குலம் குறையவில்லை.

முத்துப்பேச்சி கோயில்பிச்சையின் வீட்டுக்கு ஆள் அனுப்பவில்லை. தானே போய்க் கூப்பிட்டார். முதல் காட்சி வரைக்கும் நிற்கிறேன், அதே கதி என்றால் இறங்கிப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் கோயில்பிச்சை கிளம்பினார்.

சாயங்காலம் எல்லாரும் வந்தார்கள். பாதிப் பேர் வேலை முடிந்து அப்படியே சீருடையோடு வந்திருந்தார்கள். உள்ளே நுழைந்த ஒரு நர்ஸ் நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, இந்த மண்டபத்தைக் கட்டும்போதே கோணலாகக் கட்டிவிட்டார்களா என்று விசாரித்தார். தியோடர் கோபப்படாமல் அவருடைய இடத்தைக் காட்டினார்.

சுகாதார ஆய்வாளர் வந்தார். நாலைந்து இடங்களில் அளந்து பார்த்தார். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

விளக்கை முழுக்க அணைக்க வேண்டாம் என்று முத்துப்பேச்சி சொல்லியிருந்தார். மண்டபத்தில் பாதி வெளிச்சம் இருந்தது.

தியோடர் நாடகப் பிரதியோடு மேடையின் ஓரத்தில் நின்றார். யாராவது வசனம் மறந்தால் எடுத்துக்கொடுப்பது அன்று அவருடைய வேலை.

கோயில்பிச்சை தடுக்கி விழுந்தபடி உள்ளே வந்தார்.

சத்தமில்லை.

எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு முதல் வசனத்தைச் சொன்னார். அப்போதும் சத்தமில்லை.

இரண்டாம் வசனத்தில், இடப்பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு நர்சின் தோள்கள் குலுங்கின. சட்டென்று அடக்கிக்கொண்டு, யாரும் பார்த்துவிட்டார்களோ என்று தலையைத் தூக்கினார்.

எதிரே, இருபதடி தள்ளி, ஒரு துப்புரவுப் பணியாளர் அம்மாள் பார்த்துவிட்டார்.

நான்கு கண்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். அதைப் பார்த்து நர்சுக்குப் பக்கத்து வரிசை சிரித்தது. அந்த வரிசையைப் பார்த்து அதற்கு எதிர்வரிசை. ஒரு பெரியவர் மாஸ்க்குக்கு மேலே கண்களைத் துடைத்துக்கொண்டார். மண்டபம் முழுக்க ஆறடி தள்ளித் தள்ளி அறுபத்திரண்டு பேர், மேடையைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

அடுத்த வசனம் வரவில்லை.

கோயில்பிச்சை மேடை நடுவில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

தியோடர் பதறிப்போய்ப் பிரதியைப் புரட்டினார். வரியைக் கண்டுபிடித்து அதில் விரலை வைத்துக்கொண்டு, பின்னால் நின்ற முத்துப்பேச்சியிடம் கிசுகிசுத்தார்.

"எடுத்துக் குடுக்கட்டுமா, டீச்சர்?"

"வேண்டாம் சார். அவரு அவங்களைப் பாத்துக்கிட்டு இருக்காரு."