வலப்பக்கத்துக் கிழிசல்

நோயாளியிடம் சாவுச் செய்தி சொல்லாதே என்பது யூதர்களின் சட்டம். சொல்லாமல் இருப்பதற்காக எத்தனை நாள் பொய் பேசலாம் என்று அதில் இல்லை. சிப்போரா மாட்டிக்கொண்டது அங்கேதான். கதை நீளமில்லை. சின்ன விஷயங்களைத் தவறவிடாதீர்கள். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது.

கொச்சியில், யூதத் தெருவில் வீடு. தாய் சிம்ஹா இதயம் பழுதாகிப் படுக்கையில் கிடந்தாள். தகப்பன் போய் வெகுகாலம். பிள்ளைகள் மூவர். மூத்தவள் சிப்போரா மணமாகாதவள், தாயோடு இருந்தாள். நடுவன் மெனாஹேமுக்குக் கடல் தாண்டி ஹைஃபா துறைமுகத்தில் வேலை. இளையவன் பெசலேல் எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரியில் தத்துவம் கற்பித்தான்; தினமும் மாலை படகேறி வந்து தாயைப் பார்த்துவிட்டுப் போவான்.

ஆனி மழையில் தந்தி வந்தது. பாரந்தூக்கி சரிந்து மெனாஹேம் இறந்தான். அங்கேயே அடக்கமும் முடிந்துவிட்டது.

சாவு கேட்டால் உடுத்திய சட்டையை ஒரு கை அகலம் கிழித்துக்கொள்வது அவர்கள் வழக்கம். பெற்றோருக்கென்றால் இடப்பக்கம், இதயத்தின் மேல். உடன்பிறந்தாருக்கும் பிள்ளைக்கும் வலப்பக்கம். பிறகு ஏழு நாள் தரையோடு தரையாக இருக்க வேண்டும். நடுவில் வரும் ஓய்வுநாளுக்கு மட்டும் விலக்கு. முதல் உணவு அவித்த முட்டை. அதற்கு வாய் கிடையாது, துக்கப்பட்டவனைப் போல. ஏழு நாள் கழித்துக் கிழிசலைப் பெருந்தையலாக இழுத்துக் கட்டலாம். ஒழுங்காகத் தைக்க முப்பது நாள் ஆக வேண்டும்.

சிப்போரா சமையலறையில் நின்று தன் மேல்சட்டையான குப்பாயத்தை வலப்பக்கம் கிழித்தாள். சத்தம் கேட்காமலிருக்க ஒரு பானையை உருட்டினாள். மேலே துணியைப் போர்த்திக்கொண்டாள். தரையில் உட்காரவில்லை, முட்டையைத் தொடவில்லை. அழுகை வந்தால் கிணற்றடிக்குப் போய், போர்த்திய துணியை இடுப்பில் செருகிக்கொண்டு வேண்டாத தண்ணீரையெல்லாம் இறைத்தாள். தாயின் ஜன்னல் அந்தப் பக்கம்தான். தாய்க்கு வெள்ளெழுத்து: கையிலிருக்கும் கடிதம் தெரியாது, தூரத்துக் காக்கை தெரியும்.

தந்தியைப் படித்ததும் பெசலேல் தானும் கோட்டுக்குள் சட்டையைக் கிழித்துக்கொண்டான். ஆனால் மறைக்க மாட்டேன் என்றான். தன் மகனுக்காக அழுவது தாயின் உரிமை; நல்லெண்ணத்தோடு சொன்னாலும் பொய் அந்த உரிமையைத் திருடுவதுதான். அவன் பத்து வருடமாக மாணவர்களுக்குச் சொல்லிவந்த பாடம் அது.

சிப்போரா வேதத்தைக் காட்டினாள். “என் கணவன் கிழவன் என்று சாரா சொன்னாள். ஆபிரகாமிடம் அதைச் சொல்லும்போது கடவுளே, ‘நான் கிழவி என்கிறாள்’ என்று மாற்றிச் சொல்லவில்லையா? வீட்டில் அமைதி வேண்டும் என்றுதானே?”

“கடவுள் ஒரு வார்த்தையை மாற்றினார், சேச்சி. நீ செத்தவனை உயிரோடிருப்பவனாக மாற்றுகிறாய்.”

கடைசியில் முப்பது நாள் பொறுப்பதாக ஒப்புக்கொண்டான். அதற்குமேல் ஒரு நாள்கூட இல்லை.

மறுநாள் காலை கட்டில் உறுத்துகிறது என்று தாய் சொன்னாள். தரையில் பாய் போடச் சொன்னாள். கஞ்சி வேண்டாம், அவித்த முட்டை ஒன்று போதும் என்றாள். நோயால் இருக்கும் என்று சிப்போரா நினைத்துக்கொண்டாள். வெள்ளி மாலை கட்டிலுக்கு ஏறியவள் சனி இருட்டியதும் மறுபடி இறங்கினாள். எட்டாம் நாள், இடுப்பு வலிக்கிறது, கட்டிலே தேவலை என்றாள். அதற்கடுத்த நாள், “மோளே, ஊசியில் நூல் கோத்துக் கொடு. தலையணை உறை பிரிந்திருக்கிறது” என்றாள். சிப்போரா வெள்ளை நூல் கோத்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமைதோறும், மெனாஹேம் எழுதினானா என்று தாய் கேட்பாள். சிப்போரா அவனுடைய பழைய கடிதத்தை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றி வாசிப்பாள். தாய் கண்ணை மூடிக் கேட்பாள். சில வரிகளை மறுபடி வாசிக்கச் சொல்வாள்.

ஒரு வெள்ளியன்று பெசலேல் பொறுக்க முடியாமல் எழுந்தான். “அம்மா, ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.”

“உன் பாடத்தைக் கல்லூரியில் நடத்து மோனே” என்றாள் தாய். “இங்கே சேச்சி வாசிக்கட்டும்.”

அவன் உட்கார்ந்துவிட்டான்.

இருபத்தாறாம் நாள் விடியலில் தாய் போய்ச் சேர்ந்தாள். உடலைக் கழுவ இரண்டு பெண்கள் வந்தார்கள். பெற்ற தாயைப் பிள்ளை கழுவுவதில்லை. சிப்போரா வாசலில் நின்றாள். சற்று நேரத்தில் ஒருத்தி தாயின் உள்சட்டையோடு வெளியே வந்து, இது முன்பே கிழிந்திருக்கிறதே என்றாள்.

வலப்பக்கம். ஒரு கை அகலம். தடவித் தடவிப் போட்ட கோணல் பெருந்தையல். வெள்ளை நூல்.

சிப்போராவுக்குக் கிணறும் ஜன்னலும் ஞாபகம் வந்தன. மகள் வலப்பக்கம் கிழித்திருந்தால் அவள் உடன்பிறந்தான் போயிருக்கிறான். சின்னவன் மாலைதோறும் வருகிறான். மிச்சம் யார்? தாய்க்கு அந்தக் கணக்கு ஒரு நிமிடம்கூட எடுத்திருக்காது. ஏழு நாளும் மகளின் கண்ணெதிரே துக்கம் அனுஷ்டித்திருக்கிறாள். துக்கப்பட்டவரின் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பது பெரும் கடமை என்பார்கள். அதைச் செய்ய அவளுக்கு ஒரு ஆள் இல்லை. மகள் நாற்காலியில் உட்கார்ந்து இறந்தவன் கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்தாள்.

சிப்போரா தன் குப்பாயத்தின் இடப்பக்கத்தைப் பிடித்துக் கிழித்தாள். இந்தமுறை உருட்டப் பானை தேவைப்படவில்லை.

இப்போது சொல்லுங்கள். சட்டப்படி மறைத்தாள் மகள். உண்மை தாயின் உரிமை என்றான் மகன். தெரிந்தும் தெரியாதவளாகக் கடிதம் கேட்டாள் தாய். இந்த மூவரில் சரியாக நடந்தவர் யார்?

விடை: தாய். மகளும் மகனும் சட்டத்தையும் தத்துவத்தையும் வைத்துக்கொண்டு, நோயாளிக்கு என்ன சொல்லலாம் என்று வாதாடினார்கள். நோயாளி யார் என்று அவர்கள் கேட்கவே இல்லை. தாய் கேட்டாள். கிணற்றடியில் ஒருத்தியைப் பார்த்தாள். அந்தப் பொய்தான் அவளை நிமிர்த்தி நிறுத்தியிருக்கிறது என்று கண்டாள். நோயாளியின் நெஞ்சைக் கிழிக்காதே என்ற அதே சட்டத்தை மகளுக்காகக் காத்தாள். இருவரும் சேர்ந்து ஒருமுறை அழுதிருக்கலாமே என்கிறீர்களா? அழுதிருக்கலாம். சிப்போராவும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள், சாகும்வரை. அதற்கு என்னிடம் விடை இல்லை.