தெரிஞ்சவங்க இழுத்தா வரணும்

ஓசூர்த் தொழிற்பேட்டையில் மூன்று கூட்டாளிகள் ஒரு தகரப் பட்டறை வைத்திருந்தார்கள். மூத்தவர் அமிர்தகடேசன். அடுத்தவர் தெய்வசிகாமணி. இளையவர் லூர்துசாமி. வாடிக்கையாளர் வாயிலிருந்து என்ன வந்ததோ, அதை அப்படியே செய்து கொடுப்பார்கள். அதனாலேயே யாரும் இரண்டாவது முறை வந்ததில்லை.

அந்தப் பட்டறைக்கு ஒரு தனியார் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஷகிலா பானு வந்தார். கூடவே ஆட்டோவில் ஒரு பழைய இயந்திரமும் வந்தது.

"இதுக்குப் பேரு சர்வர். ஓட்டல் சர்வர் மாதிரிதான். யாரு எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும். இது அளவு பார்க்கிறதுக்குக் கொண்டுவந்த பழசு. நோயாளிகளோட ரிப்போர்ட் எல்லாம் ஆஸ்பத்திரியில இதே மாதிரி சர்வரோட டிஸ்க்லதான் இருக்கு. டிஸ்க்கை ஒரு தட்டுல வச்சு உள்ள தள்ளுவோம்" என்றார் ஷகிலா. "அந்தத் தட்டோட பூட்டு போயிடுச்சு. போன வாரம் தரை துடைக்கிறவங்க துடைப்பம் பட்டு ஒரு தட்டு வெளியே வந்திருச்சு. ஆபரேஷனுக்குப் படுத்திருந்தவரோட ஸ்கேன் கிடைக்கல. டாக்டர் கத்தியோட நிக்கிறாரு."

மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். விஷயம் பெரியது என்று அவர்களுக்கே புரிந்தது.

"தெரியாம இழுத்தா தட்டு வரக்கூடாது. தெரிஞ்சவங்க இழுத்தா வரணும். கையை விட்டதும் தானா பூட்டிக்கணும். முக்கியமா, சர்வர் ஓடிக்கிட்டு இருக்கும்போதே கழற்ற வரணும். மாதிரிக்கு ஒண்ணு செஞ்சு வைங்க, வந்து பார்க்கிறேன்."

அவர் போனதும் ஆலோசனை தொடங்கியது.

"தெரிஞ்சவங்க இழுத்தா வரணும்னாங்களே, யாருக்குத் தெரிஞ்சவங்க?" என்றார் தெய்வசிகாமணி.

"தட்டுக்குத்தான். வேற யாருக்கு? அதைத்தானே இழுக்கிறாங்க" என்றார் அமிர்தகடேசன்.

"அப்போ நாம அதுகிட்ட பழகணும்."

பழகினார்கள். தகரத்தை வளைத்து, ஸ்பிரிங் போட்டு, முன்பக்கம் சின்ன லீவர் வைத்து ஒரு தட்டு செய்தார்கள். லூர்துசாமி அதை டீக்கடைக்கு எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். தெய்வசிகாமணி தன் மனைவி மக்கள் பெயரையெல்லாம் அதற்குச் சொன்னார். அமிர்தகடேசன் மட்டும் ஒட்டவில்லை. வேலைசெய்யும் இடத்தில் சொந்தம் கொண்டாடக் கூடாது என்பது அவர் கொள்கை.

ஷகிலா வருவதாகச் சொன்ன நாள் காலையில் தட்டை இயந்திரத்துக்குள் தள்ளினார்கள்.

"கையை விட்டதும் பூட்டிக்கணும். பார்த்துடுவோம்" என்று அமிர்தகடேசன் தட்டுக்குள் கையை விட்டார்.

ஸ்பிரிங் சடக்கென்று விழுந்தது. கை மாட்டிக்கொண்டது.

"பூட்டிக்கிச்சு" என்றார் அவர் மனநிறைவோடு. பிறகு இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

"உங்களை அதுக்குத் தெரியாதுண்ணே. நான் இழுக்கிறேன்" என்று லூர்துசாமி இழுத்தார். தட்டு அசையவில்லை. டீக்கடையில் அவ்வளவு நேரம் கூட இருந்தும் இப்படிச் செய்துவிட்டதே என்று அவருக்கு முகம் சுண்டிப்போனது. தெய்வசிகாமணி குனிந்து, "நான்தான் சிகாமணி" என்று அறிமுகம் சொல்லிவிட்டு இழுத்தார். அப்போதும் வரவில்லை.

"அவசரப்படாதீங்க" என்றார் அமிர்தகடேசன். "சர்வர் ஓடும்போதுதானே கழற்ற வரணும்னாங்க? இது நின்னுக்கிட்டு இருக்கு. நின்னா எப்படி வரும்?"

மற்ற இருவருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. இது தோன்றவில்லையே. ஓட்டல் சர்வர்கூட ஓடிக்கொண்டேதானே இருக்கிறார்.

இயந்திரத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். இருவர் தள்ள, மாட்டிய கையோடு அமிர்தகடேசன் பக்கத்திலேயே ஓடினார். தொழிற்பேட்டைச் சாலையின் பள்ளம் ஒன்றுவிடாமல் வண்டி இறங்கி ஏறியது. வேகத்தடையில் வண்டி எகிறியபோது அவரும் எகிறினார். தட்டு மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

எதிரே நடந்து வந்த ஷகிலா ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"என்ன பண்றீங்க?"

"ஓட்டிப் பார்க்கிறோம்மா" என்றார் லூர்துசாமி மூச்சிரைக்க. "இன்னும் வேகம் பத்தலை போல. வரமாட்டேங்குது."

ஷகிலா வண்டியைப் பார்த்தார், கையைப் பார்த்தார். லீவரை ஒரு விரலால் அழுத்தி இழுத்தார். தட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. கையும் விடுபட்டது.

"முதல் தடவை பார்க்கிறப்பவே தெரிஞ்சுக்கிச்சு பாருங்க" என்று தெய்வசிகாமணி கிசுகிசுத்தார். லூர்துசாமிக்கு மனசு விட்டுப்போயிருந்தது.

ஷகிலா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓர் ஆள் தொங்கிக்கொண்டு ஓடியும் கழலாத பூட்டை அவர் இதுவரை கண்டதில்லை.

"பூட்டு நல்லா இருக்கு. எல்லாத் தட்டையும் நீங்களே செய்யுங்க. ஆனா கை மாட்டக் கூடாது, அதைச் சரிபண்ணுங்க. அப்புறம், சர்வர் ஓடுறதுன்னா இப்படித் தள்ளிக்கிட்டு ஓடுறது இல்ல. கரண்ட்ல ஓடணும்."

"கரண்ட்லயா? முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு தள்ளியிருக்க மாட்டோமே" என்றார் அமிர்தகடேசன், மணிக்கட்டைத் தடவிக்கொண்டே.

அடுத்த வாரம் ஷகிலா வந்தபோது பட்டறை வாசலில் ஒரு பேட்டரி ஆட்டோ நின்றது. பின்சீட்டில் சர்வரைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். உள்ளே தட்டுகள் வரிசையாகப் பளபளத்தன.

அமிர்தகடேசன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"முழு சார்ஜ் போட்டிருக்கும்மா. ஏறுங்க, ஓடும்போதே கழற்றிக் காட்டுறோம்."

ஷகிலா ஆட்டோவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகுமா என்று கேட்டுவிட்டு, சர்வருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.