துறவியின் மனைவி எரிமலைக்குப் போன கதை

துறவிகளின் கதைகளில் மனைவி வாசற்படியோடு முடிந்துபோகிறாள். அவன் நள்ளிரவில் எழுந்து போவான்; அவள் உறங்கிக்கொண்டிருப்பாள்; கதை அவன் பின்னாலேயே போய்விடும். விடிந்த பிறகு அவள் என்ன செய்தாள் என்று எவரும் கேட்டதில்லை. சாத்தனின் மனைவி வடிவுடையாள் முதலில் கிணற்றடியில் தேடினாள். பிறகு ஆற்றங்கரையில். பிறகு ஆண்டுக்கணக்கில்.

கடைசியில் அவன் ஒரு கடலோர மடத்தில், அமுதனார் என்ற குருவிடம் சீடனாக இருந்தான். அவள் போய்ச் சேர்ந்தது அவன் காவி பெறும் நாளில். அங்கே காவியை மடத்துக்குள் தருவதில்லை. எதிரே கடலில் ஒரு சிறு தீவு. தீவு முழுக்க ஒரே மலை. மலை உச்சியில் அணையாத நெருப்பு. வீட்டிலிருந்து கொண்டுவந்த கடைசிப் பொருளைச் சீடன் அந்த நெருப்பில் போட வேண்டும். அதன் பிறகே காவி.

அவளைக் கண்டதும் சாத்தன் கண்களைத் தாழ்த்திக்கொண்டான். அந்தப் பெண்மணியைத் திரும்பிப் போகச் சொல்லுங்கள் என்று குருவிடம் சொன்னான். அந்தப் பெண்மணி கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தாள்.

எதற்கு வந்தாய் அம்மா என்று குரு கேட்டார்.

"ஒரு வாக்கியத்துக்கு. 'இனி வரமாட்டேன்' என்று என் முகத்தைப் பார்த்து இவர் சொல்லட்டும். போய்விடுகிறேன். சொல்லாமல் போனவருக்காகத் தினமும் ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போட்டே எனக்கு வயதாகிவிட்டது."

படகில் இடம் இருக்கிறது என்றார் குரு.

புகை மறுபக்கம் சாயும் வரை தீவை நெருங்க முடியாது. அலைமேல் காத்துக் கிடந்தார்கள். சாத்தன் அவளுக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருந்தான். படகோட்டி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான்.

"சாமி, அம்மா பக்கம் திரும்புனா படகு கவுந்துடாது. அதுக்கு நானாச்சு."

சாத்தன் திரும்பவில்லை. வடிவுடையாள் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது தோளுக்குக் கீழே மச்சம் இன்னும் அங்கேயே இருந்தது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். அவள் கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

தீவின் மணல் கறுப்பாக இருந்தது. சூடு செருப்பைத் தாண்டி உள்ளங்காலுக்கு ஏறியது. கந்தக நெடிக்கு ஈரத்துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டார்கள். மலை உள்ளே உறுமும், சற்று அடங்கும், அடங்கும்போது மட்டும் நடந்தார்கள். சரிவில் அவள் கால் வழுக்கியது. கை கொடுத்தவர் குரு. சாத்தன் முன்னால் போய்க்கொண்டிருந்தான், உறுதியான நடையோடு.

விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார்கள். ஆழத்தில் நெருப்பு உலைநீர்போல் தளும்பியது. சாத்தன் திருமண மோதிரத்தைக் கழற்றி உள்ளே எறிந்தான். விழுந்த ஓசைகூட எழவில்லை. அவன் இரு கைகளையும் காவிக்காக நீட்டினான்.

குரு காவித்துணி இருந்த மூட்டையை அவிழ்க்கவில்லை.

"போட்டுவிட்டேன், குருவே."

"உனக்குப் பின்னால் ஒருத்தி நிற்கிறாள். கேட்டதைச் சொல்லி அனுப்பு."

"அவளை நான் என்றைக்கோ விட்டுவிட்டேன்."

"எப்போது விட்டீர்கள்? நான் தூங்கிக்கொண்டல்லவா இருந்தேன்" என்றாள் வடிவுடையாள்.

சாத்தன் திரும்பினான். அவள் நெற்றியோரத்து நரையைப் பார்த்தான். புகையில் கலங்கிய கண்களைப் பார்த்தான்.

"இனி" என்றான்.

மற்றது வரவில்லை. அவள் காத்திருந்தாள். அவன் சொல்ல வேண்டும் என்று விரும்பினாளா, சொல்லிவிடக் கூடாது என்று விரும்பினாளா என்பது அந்த வேளையில் அவளுக்கே விளங்கவில்லை. மலை உறுமத் தொடங்கி, மறுபடி அடங்கியது. அவள் தனியாக இறங்கத் தொடங்கினாள்.

அவள் தலை சரிவுக்குக் கீழே மறையும் வரை சாத்தன் நின்றான். பிறகு கேட்டான்:

"எல்லாவற்றையும் கீழே போட்டவன் நான். ஒரு வாக்கியம் ஏன் வரவில்லை?"

"கீழே போட்டவன் கைக்கு அதன் கனம் தெரியும்" என்றார் குரு. "அவள் என்ன கனம், சொல்."

சாத்தன் தன் வெறுங்கைகளைப் பார்த்தபடி நின்றான்.

வடிவுடையாள் அதே படகில் திரும்பினாள். கடலே தெரியாத உள்நாட்டு ஊர் ஒன்றில் சாயப்பட்டறை வைத்து, எவர் தயவும் இல்லாமல் நெடுங்காலம் வாழ்ந்தாள். மறுமணம் செய்துகொள்ளவில்லை. சாயம் தோய்த்த நூல் வாங்கக் கடற்கரைப் பக்கமிருந்து யார் வந்தாலும், அந்த மலை இன்னும் எரிகிறதா என்று கேட்பாள். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு இறந்தாள்.