சூசைமாணிக்கம் பேசிய கூட்டம்

சீடருக்கு வயது எழுபத்தெட்டு. குருவுக்கு நாற்பத்து மூன்று. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. தெரிந்தவர் குரு, தெரியாதவர் சீடர். அவ்வளவுதான்.

டாக்டர் சென்னியப்பன் பயிர் நோய்களோடு ஐம்பது வருஷம் மல்லுக்கட்டியவர். கருகலும் வாடலும் அவரைக் கண்டால் எழுந்து நிற்கும் என்று மாணவர்கள் கிண்டல் பண்ணுவார்கள். தாவர நோய்க் கழகத்துக்கு எழுபத்தைந்தாவது ஆண்டு வந்தது. மலர் போடுவது என்று முடிவாகி, கழக வரலாற்றை எழுதும் வேலையை அவர் தலையில் கட்டினார்கள். ஆறே வாரத்தில் முடிக்கிறேன் என்று கிளம்பியவரை மாடியில் இருந்த ஆவண அறை வாசலிலேயே கலாமணி நிறுத்திவிட்டார்.

கலாமணி ஆவணக் காப்பாளர். கரையான் தின்றது போக மிச்சமிருந்த காகிதங்களை ஒன்பது வருஷமாகச் சேர்த்துக் காப்பாற்றி வைத்திருப்பவர்.

"கையைக் கழுவிட்டு வாங்க சார்."

"கழுவிட்டுத்தான் வந்தேன்."

"திருநீறு ஒட்டியிருக்குதுங்க."

போய்க் கழுவிவிட்டு வந்தார். உட்கார்ந்ததும் பக்கம் புரட்ட விரலை நாக்கில் வைத்தார். கோப்பு அவர் கையிலிருந்து நழுவிக் கலாமணி கைக்குப் போனது.

"இத்தனை வருஷமா இப்படித்தான் புரட்டுறேன், அம்மிணி."

"தெரியுதுங்க. மூலைக்கு மூலை பூஞ்சை பிடிச்சிருக்குது. உங்களுக்குத் தெரியாத பூஞ்சையா?"

ஒரு மாதம் அவருக்கு எழுத்து வேலை கிடையாது. தூசி தட்டினார். நாடா கட்டினார். துருப்பிடித்த குண்டூசியைத் தாள் கிழியாமல் கழற்றக் கற்றுக்கொண்டார். அறைக்குள் பேனா கூடாது, பென்சில்தான் என்றார் கலாமணி. முணுமுணுத்துக்கொண்டே பேனாவை வீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

அதன் பிறகுதான் கட்டுகள் அவிழ்ந்தன. கழகம் தொடங்க வேண்டும் என்று பதினோரு பேர் கையெழுத்திட்ட கடிதம், மழையளவுப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் இருந்தது. முதல் மூன்று வருஷக் கூட்டங்களில் நோயைப் பற்றிய பேச்சைவிடத் தலைவர் யார் என்ற சண்டைதான் அதிகம். ஒரு விவசாயி கரிப்பூட்டை நோய் விழுந்து கரித்தூளாகிப்போன சோளக்கதிரையே கடிதத்தோடு தைத்து அனுப்பியிருந்தார். 'உங்கள் அடுத்த கூட்டத்தில் எல்லோரும் இதையே சாப்பிடவும்' என்று கீழே ஒரு வரி. சென்னியப்பன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் வருஷத்துக் குறிப்பேட்டைத் திறந்ததும் சிரிப்பு நின்றது.

செப்டம்பர் மாதக் கூட்டக் குறிப்பு அவருடைய கையெழுத்து. அப்போது வயது இருபத்தெட்டு, கழகத்தின் இணைச் செயலாளர். மேல்மலைத் தோட்டங்களுக்குக் கழகப் பண்ணையிலிருந்து வாழைக்கன்று அனுப்புவதாகத் தீர்மானம். அதற்குக் கீழே நாலு வரி காலி. பிறகு நன்றியுரை.

அந்த நாலு வரியில் என்ன வந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கு உலகத்தில் ஒருத்தருக்குத்தான் தெரியும்.

அன்றைக்குப் பின்வரிசையில் சூசைமாணிக்கம் என்ற களப்பணியாளர் எழுந்து நின்றார். பட்டம் கிட்டம் எதுவும் கிடையாது. "பண்ணைக் கன்றுலயே முடிக்கொத்து இருக்குங்கய்யா. மேலே அனுப்பாதீங்க, மலை பூராப் பரவிடும்" என்றார். முடிக்கொத்து பிடித்த வாழை, இலையையெல்லாம் உச்சியில் குடுமி மாதிரி அள்ளிக்கொண்டு நிற்கும். குலை தள்ளாது. தலைவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "இதையெல்லாம் எழுதிட்டிருக்காதீங்க" என்று சென்னியப்பனிடம் சொன்னார். சென்னியப்பன் எழுதவில்லை. பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று இடம் மட்டும் விட்டார்.

கன்று மலையேறியது. மூன்று வருஷத்தில் மேல்மலையில் வாழை இல்லை.

சூசைமாணிக்கம் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அவர் மகள் ரெஜினா போன வாரம்தான் போனில் கேட்டாள். "அப்பா பேரு மலர்ல வருமாங்கய்யா? நான்தான் அப்பவே சொன்னேன்னு சாகிற வரைக்கும் சொல்லிட்டிருந்தாரு." மலர்க் குழுவின் விதி ஒன்றே ஒன்று. பதிவில் இல்லாதது மலரில் வராது. அந்த விதியை எழுதியதும் சென்னியப்பன்தான்.

மறுநாள் காலை சட்டைப்பையில் பேனாவோடு வந்தார். கலாமணி பார்த்தார். நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"அம்மிணி, ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"உண்மையை எழுதறதுக்கு இந்த ரூம்ல தடை உண்டா?"

"என்ன உண்மைங்க?"

சொன்னார். மனைவியிடம்கூடச் சொல்லாததை ஒன்று விடாமல் சொன்னார். பிறகு குறிப்பேட்டைத் திறந்து காலி இடத்தில் விரலை வைத்தார்.

"நாலு வரி போதும். அதே கை. மையும் அதே நீலக்கறுப்பு. ஒரு எழுத்து பொய் இருக்காது. அந்த மனுஷன் பேர் மலர்ல வரும்."

"எந்தத் தேதி போடுவீங்க?"

"தேதி எதுக்கு? கூட்டத் தேதிதான் மேலேயே இருக்குதே."

கலாமணி எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். நோய் கண்ட இலைகளை உலர்த்தி, உறையில் போட்டு வைத்திருக்கும் அலமாரி அங்கே இருந்தது. ஓர் உறையோடு திரும்பி வந்தார்.

"இது யாருதுங்க?"

"நான் சேகரிச்சது. இஞ்சி இலை. எழுபத்தொண்ணுல."

"உள்ளே ரெண்டு சீட்டு இருக்குதுங்களே?"

"முதல்ல ஒரு நோய்ப் பேர் எழுதி வெச்சேன். தப்பு. பன்னிரண்டு வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுது. சரியான பேரை இன்னொரு சீட்டுல எழுதி வெச்சேன்."

"பழைய சீட்டைக் கிழிச்சிருக்கலாமே. இல்லைன்னா அதுலயே மாத்தி எழுதியிருக்கலாம்."

"கிறுக்குத்தனமாப் பேசாதே அம்மிணி. முதல் சீட்டைத் தொடவே கூடாது. எவன், எப்போ, என்னன்னு நினைச்சான்னு பின்னால பார்க்கறவனுக்குத் தெரிய வேண்டாமா? பழைய சீட்டுல கை வெச்சதுக்கு ரெண்டு பசங்களை ஃபெயிலே பண்ணியிருக்கேன்."

சொல்லிவிட்டுக் குறிப்பேட்டின் மேலிருந்த விரலை எடுத்துக்கொண்டார்.

கலாமணி இழுப்பறையிலிருந்து வெற்றுச் சீட்டு ஒன்றை எடுத்தார். ஒரு பென்சிலோடு அவர் பக்கம் நகர்த்தினார்.

"இலைக்குச் சொன்னது இலைக்கு," என்றார் சென்னியப்பன்.

"சரிங்க."

"இதுல எழுதினா இன்னிக்குத் தேதி போடணும்."

"ஆமாங்க."

"அம்பது வருஷமா வாயில என்ன கொழுக்கட்டையான்னு கேப்பாங்க."

"கேப்பாங்க."

"என் பேர்ல வருஷா வருஷம் விருது குடுக்கறாங்க, தெரியுமா? முடிக்கொத்து கன்று மூலமாத்தான் மலையேறுச்சுன்னு நான் எழுதின கட்டுரைக்காக."

"தெரியுங்க. கட்டுரை கீழ்த்தட்டுல இருக்குது. எழுபத்தெட்டு, மார்ச்."

சென்னியப்பனுக்குக் கோபம் வந்தது. கோபப்பட எதிரே ஆள்தான் சரியாக அமையவில்லை.

"பேனாவோட வந்தேன். நீயும் பார்த்தே. பிடுங்கி வெச்சிருக்கலாமில்ல?"

"தபால் வந்திருக்கும். கீழே போயிட்டு வர்றேனுங்க," என்றார் கலாமணி. குறிப்பேடு மேசையில் திறந்தபடி இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

சென்னியப்பன் பேனா மூடியைக் கழற்றினார். வாக்கியம் நேற்று ராத்திரியே மனசில் தயார். 'பண்ணைக் கன்றுகளில் முடிக்கொத்து நோய் இருப்பதாகத் திரு. சூசைமாணிக்கம் எச்சரித்தார்.' இரண்டு வரிக்கு வரும். நிப்பைத் தாளுக்கு மேலே கொண்டுபோனார். மிச்சம் இரண்டு வரி இருக்கிறதே என்று பார்த்தார். அதற்கும் ஒரு வாக்கியம், கூப்பிடாமலே வந்து நின்றது. 'இணைச் செயலாளர் இதனைக் கவனத்தில் கொண்டார்.'

கை அப்படியே நின்றது. வெகுநேரம் நின்றது. நிப்பில் மை காய்ந்துபோனது.

பேனாவை மூடினார். பென்சிலை எடுத்தார்.

கலாமணி திரும்பி வந்தபோது குறிப்பேட்டின் பக்கம் அப்படியே இருந்தது. சீட்டு நிரம்பியிருந்தது. எடுத்துப் படித்தார்.

'இக்கூட்டத்தில் களப்பணியாளர் திரு. சூசைமாணிக்கம், பண்ணைக் கன்றுகளில் முடிக்கொத்து இருக்கிறது, மலைக்கு அனுப்ப வேண்டாம் என்று சொன்னார். என் காதால் கேட்டேன். எழுதவில்லை. பின்னால் அதையே என் கண்டுபிடிப்பாக எழுதினேன்.' கீழே கையெழுத்து. இன்றைய தேதி.

கலாமணி சீட்டுக்கு ஓர் எண் போட்டார். பதிவேட்டில் அதை எழுதிக்கொண்டார். பிறகு சீட்டை ஒரு காகித உறையில் இட்டு, அந்தப் பக்கத்தோடு சேர்த்து வைத்தார்.

"இது பதிவுதானே?" என்றார் சென்னியப்பன்.

"தேதி இருக்குது, கையெழுத்து இருக்குது. பதிவுதாங்க."

"அப்போ சூசை மலர்ல வந்துடுவான்."

"வந்துடுவாருங்க."

"நானும் வருவேன்."

"வருவீங்க."

சென்னியப்பன் பென்சிலைக் கலாமணி பக்கம் நகர்த்தினார். ரெஜினாவுக்கு இன்றைக்கே போன் பண்ண வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. எழுந்தவர், குறிப்பேட்டை மறுபடி ஒரு தடவை எட்டிப் பார்த்தார். அந்த நாலு வரி உறுத்தியது.

"குறுக்கே ஒரு கோடாவது போட்டுடட்டுமா அம்மிணி? மினிட்ஸ்ல இப்படிக் காலியா விடக் கூடாது."

கலாமணி குறிப்பேட்டை மூடி நாடாவைக் கட்டினார்.

"காலி இல்லீங்க சார். அன்னிக்கு நீங்க எழுதினது அதுதான்."