திறந்து திறந்து பூட்டிய கூடம்

ஒரு நகரத்தில் ஒரு கத்தரிக்கோல் இருந்தது. அதன் பிடிக்குத் தங்கமுலாம் பூசியிருந்தார்கள். சிவப்பு வெல்வெட் விரித்த எவர்சில்வர் தட்டுதான் அதற்குப் படுக்கை. பிறந்த நாள் முதல் அது ரிப்பனைத் தவிர வேறெதையும் வெட்டியதில்லை. அதனாலேயே தன்னைப் பற்றி அதற்கு ரொம்ப உயர்வான எண்ணம்.

அதை வைத்திருந்தது ஓர் அறக்கட்டளை. பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்துச் சொந்தக் காலில் நிற்க வைப்பதற்கென்றே ஏற்பட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அதற்கு ஒரு தையல் பயிற்சிக் கூடம் உண்டு. அந்தக் கூடத்தை அடிக்கடி திறப்பார்கள், நடத்தத்தான் மாட்டார்கள்.

நன்கொடை தந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. எல்லாரும் நல்ல மனசுக்காரர்கள். என்ன, அவர்கள் தருவது திறப்பதற்கு மட்டும்தான். கட்டடம் கட்டிக் கொடுத்தவர் வந்து திறந்தார். மெஷின்கள் வாங்கிக் கொடுத்தவர் வந்து மறுபடி திறந்தார். கழிப்பறை கட்டிக் கொடுத்தவர், அதன் வாசலில் நின்றால் படம் அவ்வளவு நன்றாக இராது என்று முழுக் கூடத்தையும் திறந்துவிட்டுப் போனார். ஆசிரியைக்குச் சம்பளம், கரண்ட் பில் என்று பேச்சை எடுத்தால் மட்டும் எல்லாருக்கும் எங்கிருந்தோ போன் வந்துவிடும். சம்பளத்துக்கு யாராவது ரிப்பன் கட்ட முடியுமா?

ஒவ்வொரு விழா முடிந்ததும் போண்டாத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கதவில் பூட்டைத் தொங்கவிடுவார்கள். அந்தப் பூட்டுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"இன்னிக்கும் நான்தான் பெண்குலத்துக்கு வழி திறந்தேன்" என்றது கத்தரிக்கோல், கழிப்பறைக்காரர் போன அன்று.

"ஆமாமா. நீ திறந்த வழியிலதான் நான் தொங்கிட்டிருக்கேன்" என்றது பூட்டு. "ஏம்ப்பா, துணின்னு ஒண்ணு இருக்கே, அதை நீ எப்பவாச்சும் பாத்திருக்கியா?"

"அதெல்லாம் சாதாரணக் கத்தரிக்கோலோட வேலை."

சொல்லிவிட்டதே தவிர, அன்று முழுவதும் கத்தரிக்கோலுக்கு மனசு சரியில்லை.

விழாவுக்கு விழா நாற்காலிகளை நிரப்பச் சில பெண்களை வரவழைப்பார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி நீலச் சேலை. அவர்களில் ஒருத்தி மரகதவல்லி. மிளகாய் மண்டியில் காம்பு கிள்ளும் வேலை பார்த்தாள். நாள் முழுக்கக் கிள்ளிவிட்டு வீட்டுக்குப் போனால் கை தீயாய் எரியும். எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் காரம் போகாது. தாய் தொட்டால் அலறுகிற ஒரு கைக்குழந்தை அவள் வீட்டில் இருந்தது. அதன் கன்னத்தைத் தொடுவதற்காகவே அந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்று தவித்தாள், பாவம்.

"வகுப்பு எப்ப சார் ஆரம்பிக்கும்?" என்று அறக்கட்டளைச் செயலாளர் சேதுரத்தினத்திடம் ஒவ்வொரு விழாவிலும் கேட்பாள்.

"என்னம்மா இப்படிக் கேக்குறே? திறந்தாச்சேம்மா! எத்தனை தடவை திறந்திருக்கோம்!" என்பார் அவர், உண்மையிலேயே வருத்தப்பட்டு.

இப்படி இருக்கையில் மின்விசிறிகள் வந்தன. பருப்பு மில் முதலாளி குணசீலன் தந்தவை. அவற்றுக்காகக் கூடத்தை இன்னொரு தடவை திறக்க நாள் குறித்தார்கள். இந்தத் தடவை மரகதவல்லி ஒரு துணிப்பையோடு வந்திருந்தாள். உள்ளே வெள்ளைத் துணி. ஊரிலிருந்த ஒரு ஆஸ்பத்திரியின் மேட்ரன் கொடுத்தது. 'இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள நர்ஸ் கோட்டு ஒண்ணு மாதிரிக்குத் தெச்சுக் காட்டுங்க. நல்லா இருந்தா மொத்த ஆர்டரும் உங்களுக்கு. இல்லேன்னா நாளைக்கு வெளியூர்க்காரங்களுக்குக் குடுத்துருவேன்' என்று சொல்லியிருந்தார்.

அவளோடு ஆமினா அக்காவும் வந்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் பனியன் கம்பெனியில் கட்டிங்கும் தையலும் பார்த்தவள். கையில் தொழில் இருந்தது, மெஷின்தான் இல்லை.

"விழா முடியட்டும். ஒரு மணி நேரம் மெஷின்ல உக்காந்துக்கோங்க" என்று சேதுரத்தினம் அனுமதி தந்திருந்தார்.

காலையிலேயே பூட்டைக் கழற்றி ஜன்னலில் வைத்தாயிற்று. கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே மெஷின்கள் பளபளத்தன. மின்விசிறிகள் வெறும் அறைக்குக் காற்று வீசின. வாசலுக்குக் குறுக்கே ரோஜா நிற ரிப்பன் மட்டும் விறைப்பாக நின்றது.

"என்னைத் தாண்டி யாரும் போகக் கூடாது" என்றது ரிப்பன்.

பத்து மணிக்கு வர வேண்டிய குணசீலன் பன்னிரண்டாகியும் வரவில்லை. மைக் மட்டும் ஓயவில்லை. "இதோ வந்துகொண்டே இருக்கிறார்! பெண்கள் நாட்டின் கண்கள்! இதோ வந்துகொண்டே இருக்கிறார்!" என்று தொண்டை கட்டும் வரை கத்தியது. அந்தக் கண்கள் வெயிலில் கூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. சேதுரத்தினம் முதலாளியை எதிர்கொண்டு அழைக்கத் தெருமுனைக்குப் போய், கார் வரும் வரை அங்கேயே நின்றுவிட்டார்.

மணி ஒன்று. மரகதவல்லி எழுந்தாள்.

"எங்கடி போறே?" என்றாள் ஆமினா.

"இன்னும் உக்காந்திருந்தா அந்த ஆர்டர் போயிரும்க்கா."

நேராகத் தட்டருகே வந்து கத்தரிக்கோலை எடுத்தாள். கத்தரிக்கோல் திடுக்கிட்டது. இதுவரை அதைத் தொட்டதெல்லாம் மோதிரம் போட்ட விரல்கள். இந்த விரல்களில் மிளகாய் நெடி அடித்தது. ஆனால் பிடி உறுதியாக இருந்தது. வழக்கம்போல் வாயைத் திறந்துகொண்டு ரிப்பனைப் பார்த்தது.

"வெட்டு! எனக்கு நேரமாச்சு!" என்றது ரிப்பன்.

மரகதவல்லி வெட்டவில்லை. சேலை முந்தானையை இடுப்பில் செருகினாள், குனிந்தாள், ரிப்பனுக்கு அடியில் நுழைந்து உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே ஆமினா. அதற்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக எல்லா நீலச் சேலைகளும்.

ரிப்பனுக்குத் தலை சுற்றியது. "கீழே இடம் இருந்ததா!" என்றது. ஜன்னலிலிருந்த பூட்டு சிரித்த சிரிப்பில் உருண்டு தரையில் விழுந்தது.

மேஜையில் துணியை விரித்து, சாக்குக் கட்டியால் ஆமினா கோடு போட்டாள். கத்தரிக்கோல் வாயை வைத்தது. துணி மடங்கிக்கொண்டு உள்ளே சிக்கியது. அவமானத்தில் அதற்கு உயிர் போயிற்று.

"அலங்காரத்துக்கு வாங்கினது போல" என்றாள் மரகதவல்லி.

"இரும்பு நல்ல இரும்புதான். வேலை குடுக்காம வெச்சிருக்காங்க" என்று ஆமினா அதன் திருகை ஓர் எட்டணாக் காசால் இறுக்கினாள், டீக் கோப்பையைக் கவிழ்த்து அதன் அடிவிளிம்பில் இரண்டு பக்கமும் தீட்டினாள். வலித்தது. தங்கமுலாம் கூடக் கொஞ்சம் உதிர்ந்தது. அடுத்த தடவை வாயை வைத்தபோது துணி 'சரக்'கென்று வழிவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கத்தரிக்கோல் அழுதுவிட்டது. ஏமாற்றிவிட்டார்களே, இத்தனை நாளும் இதைச் சொல்லாமல் ஏமாற்றிவிட்டார்களே என்று அழுதது.

ஆமினா மெஷினில் உட்கார்ந்து தைத்தாள்; மற்றவர்கள் அவளைப் பார்த்துப் பார்த்து மற்ற மெஷின்களை ஓட்டிப் பழகினார்கள். மூன்றரை மணிக்குக் கோட்டு தயார். ஆமினா அதை எடுத்துக்கொண்டு, மறுபடி குனிந்து வெளியேறி, ஆட்டோ பிடித்துப் போனாள்.

அவள் திரும்பிய ஆட்டோவும் குணசீலனின் காரும் ஒன்றாகத்தான் வந்து நின்றன. ஆட்டோவிலிருந்து வெள்ளைத் துணி மூட்டை மூட்டையாக இறங்கியது. "மொத்தமும் நமக்குத்தாண்டி!" என்று ஆமினா வாசலிலிருந்தே கத்தினாள். குனிந்து எழுந்து, முதல் மூட்டையைப் பிரித்து மேஜையில் போட்டாள். கத்தரிக்கோல் பாய்ந்தது.

காரிலிருந்து குணசீலன் இறங்கினார். கழுத்தில் மாலை விழுந்தது; மைக் கதறியது. வெறும் தட்டைப் பார்த்த சேதுரத்தினத்துக்கு வியர்த்துக் கொட்டியது. ரிப்பனுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"மரகதம்! கத்தரிக்கோலைக் குடும்மா, ஐயா நிக்கிறாரு!"

"கோட்டோட கையைப் பாதி வெட்டுல நிறுத்துனா கோணிக்கும் சார். வெட்டி முடிச்சுட்டுத் தர்றேன்."

"கரண்ட் பில்லு ஏறுதும்மா! யாரு கட்டுறது?"

"இனிமே நாங்க கட்டிக்கிறோம் சார்."

"டேய் கத்தரி, வாடா! என் மானம் போகுது" என்று ரிப்பன் கெஞ்சியது. கத்தரிக்கோலுக்கு ஏது நேரம்? வாய் நிறையத் துணி.

குணசீலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு உள்ளே பார்த்தார். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"என்னய்யா இது, உள்ள வேலையே நடக்குது! நான் இன்னும் திறக்கவே இல்லையே? எப்படிம்மா உள்ள போனீங்க?"

மரகதவல்லி தலை நிமிராமல், ஆனால் மரியாதையாகவே சொன்னாள்:

"குனிஞ்சு வந்தோம் ஐயா. நீங்களும் குனிஞ்சு வாங்க. உள்ள ஃபேன் நல்லா காத்து வருது."