உச்சிக்குப் போகாத பூச்சி

குரு என்றதும் வெள்ளைத் தாடியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவருக்கு வயது முப்பத்தைந்துதான். சீடர்களில் பாதிப்பேர் இவரைவிடப் பெரியவர்கள். எல்லோரிலும் மூத்தவர் சொர்ணவல்லி அம்மாள், பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். குருவையே சாப்பிடச் சொல்லி அதட்டுவார்.

கார்த்திகை தோறும் இவருடைய மடத்தார் மலையுச்சிக்கு ஏறி விளக்கேற்றுவார்கள். நெய்க்குடத்தைச் சுமந்து குரு முன்னால் போவார். உச்சியில் அவர் கையால் திருநீறு வாங்குவதுதான் அவர்களுக்கு அந்த வருஷத்துத் தரிசனம்.

இந்த வருஷம் சொர்ணவல்லிக்கு முட்டிவலி. தன்னால் மற்றவர்களுக்குத் தாமதம் ஆகக்கூடாதே என்று யாரிடமும் சொல்லாமல் விடியும்போதே கிளம்பிவிட்டார். பாதி வழியில், புல்வெளிப் பாறையருகே கால் மடங்க மறுத்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் தூக்கிப் போகிறோம் என்றார்கள்.

"நான் என்ன மூட்டையா? போங்க எல்லாரும்!"

குரு நெய்க்குடத்தை இன்னொருவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சாமி, நான் ஊருக்கே போயிடறேன். மலை ஏற முடியாதவளுக்கு மடத்துல என்ன வேலை?"

"போகலாம். முதல்ல அந்தப் பூச்சியைப் பாருங்கம்மா."

புல்லுக்கு மேலே கட்டைவிரல் நகமளவு அந்துப்பூச்சிகள் பறந்துகொண்டிருந்தன. மேகம் மறைத்ததும் அத்தனையும் பாறையில் ஒட்டிக்கொண்டன. வெயில் வந்ததும் மறுபடி கிளம்பின.

"அந்துப்பூச்சி ராத்திரியிலதானே வரும்? இது என்ன, பட்டப்பகல்ல?"

"இந்தக் குளிர்ல ராத்திரி பறக்க முடியாது. வெயில்தான் இதுக்கு அடுப்பு. பறக்கிறது எல்லாம் ஆண். பெண் எங்கேன்னு சொல்லுங்க."

அம்மாள் சுற்றிலும் தேடினார். குரு பாறையோரத் தவிட்டுப்பழப் புதரின் அடியில் புல்லை விலக்கினார். குண்டாக ஒரு பூச்சி. முதுகில் சிறகென்று சொல்ல இரண்டு துணுக்குகள்.

"ஐயோ பாவம்! சிறகு ஒடிஞ்சிடுச்சா?"

"பிறவியே அப்படித்தான். இங்கே அடிக்கிற காத்துல சிறகை விரிச்சா அடுத்த மலையில போய் விழும்."

"அப்போ எங்கேயும் போகாதா?"

"போகாது."

"சரிதான். என்னை மாதிரி ஒரு தண்டம்."

அப்போது ஓர் ஆண்பூச்சி புல்லுக்குள் இறங்கி, தட்டுத்தடுமாறி, நேராக அதனிடம் வந்து சேர்ந்தது.

"அடேங்கப்பா! இத்தனை புல்லுக்குள்ள எப்படிக் கண்டுபிடிச்சுது?"

"வாசனை. இது இருந்த இடத்திலேயே இருக்கும். அதுதான் தேடிக்கிட்டு வரும்."

"வயித்தைப் பாருங்க சாமி, அத்தனையும் முட்டை" என்றார் அம்மாள். பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்த்த கண் அல்லவா, தானாகக் கனிந்துவிட்டது. முட்டிவலிகூட மறந்துபோயிற்று.

உச்சியிலிருந்து, விளக்கேற்றியாயிற்று என்று சங்குச் சத்தம் கேட்டது. அம்மாள் பதறிப்போனார்.

"சாமி! அங்கே எல்லாரும் காத்திருக்காங்க. கிளம்புங்க! எனக்காக உட்கார்ந்து, வருஷத்துக்கு ஒரு தீப தரிசனம், அதையும் விட்டுட்டீங்களே!"

"எங்கேம்மா விட்டேன்? அப்போதிருந்து இங்கேயே பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

சொர்ணவல்லி குருவின் கையை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.